ஞானப்பூவின் கல்

பஞ்சாயத்து அலுவலகத்தில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, கவுண்டரைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு பெண் தலையில் சாக்குடன் நின்றார்.

சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். சாக்கில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, சற்றுமுன் பிடுங்கியது. கிழங்கில் ஒட்டியிருந்த ஈரமண் சாக்கின் இழைகள் வழியே கசிந்து, அவருடைய நெற்றியில் ஒரு பழுப்புக் கோடாக இறங்கி, மூக்கு நுனியில் வந்து நின்று, கொஞ்சம் யோசித்து, விழுந்தது. அவர் துடைக்கவில்லை. இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. சாக்கை அவர் பிடித்திருக்கவே இல்லை. அது பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதுபோல இருந்தது.

"சேச்சி, அதை இறக்கி வையுங்க" என்றார் கிளார்க்.

"எங்க வைக்க?"

"இதோ, இந்தத் தரையில வைக்கலாமே. நான் ஒரு கை பிடிக்கேன்."

"தரையில வைக்க எனக்கு அறியாதா பிள்ளே? வைக்கியதுக்குன்னு ஒரு கல்லு உண்டு. அதைச் சுத்தி நீங்க கம்பி போட்டுப் பூட்டியாச்சு. அதுதான் கேட்டேன், எங்க வைக்கன்னு."

தலையில் சுமையோடு ஒருவர் எதிரே நிற்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. அதை நான் அன்றுதான் அறிந்தேன். கணினிக்குப் பின்னாலிருந்த பெண் முதலில் எழுந்தார். பிறகு வரி கட்ட வந்தவர். பிறகு கிளார்க். யாரும் சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், தேவாலயத்தில் எழுவதுபோல. கடைசியாக எழுந்தவன் நான். என் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் அறிவிப்புப் பலகைக்காக நான் எழுதிய எட்டு வரிகள் இருந்தன.

உள்ளறையிலிருந்து பிரசிடண்ட் வந்தார். நரைத்த தலை, கஞ்சிபோட்ட பருத்திப் புடவை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆராக்கும் இந்தக் கம்பி போடச் சொன்னது? அவரெ எனக்கு ஒண்ணு பார்க்கணும்" என்றார் சாக்குப் பெண்.

கிளார்க்கின் விரல், கொஞ்சம் நிம்மதியோடு, என் பக்கம் திரும்பியது.

"இந்த சாராக்கும் லெட்டர் எழுதினது."

இரண்டு வார்த்தைக்காரன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் கரமனை ஆற்றங்கரையில் குடையைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "உங்களுக்கு விடுமுறை நாளில் வேறு வேலையே கிடையாதா?"

கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் நான் கழக்கூட்டத்தில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் இருக்கிறேன். கைப்பேசித் திரையில் தோன்றும் தமிழை எழுதுவது என் பிழைப்பு. 'மீண்டும் முயற்சிக்கவும்.' 'இணைப்பு இல்லை.' உங்களுக்கு எரிச்சல் வரும் நேரங்களில் உங்கள் முன் தோன்றுகிறவன் நான்தான். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் அங்கே இடம் இல்லை. பெட்டிக்குள் அடங்காத எழுத்தை மேலதிகாரி சிவப்புக் கோடிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படி ஐந்து நாள் அடக்கி வைத்தது மீதி இரண்டு நாளில் பொங்கி வழியும். வீட்டில் இருக்க முடியாது. காலையிலேயே கிளம்பிவிடுவேன். கரமனையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாமி, கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்துச் சொல்வார்: "இன்னிக்காவது ஆத்துல இருக்கப்படாதோ? காலில சக்கரம் கட்டிண்டு பொறந்திருக்கேள்."

தெற்கே போகும் எந்தப் பேருந்து வந்தாலும் ஏறுவேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும். நெய்யாற்றின்கரை தாண்டியதும் பேச்சில் தமிழும் மலையாளமும் ஒரே குடத்துத் தண்ணீர்போலக் கலந்துவிடும். ரப்பர் மரங்களின் நிழல் ஜன்னலில் கட்டம் கட்டமாக ஓடும். நான் பாதி தூங்குவேன், பாதி பார்ப்பேன். எது எந்தப் பாதி என்று பிற்பாடு பிரிக்க முடியாது.

அப்படி ஒரு மழைவிட்ட காலையில் நடத்துநர் கூவினார்: "சுமடுதாங்கி! சுமடுதாங்கி இறங்கணும்!"

கண்ணைத் திறந்தேன். சாலையோரம் ஒருத்தி நின்றாள். இரண்டு கால்கள். அகன்ற தோள்கள். தலை இல்லை.

பேருந்து நகர்ந்த பிறகுதான் அது கல் என்று புரிந்தது. நட்டுவைத்த இரண்டு தூண்கள். அவற்றின்மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு கல். மழையில் நனைந்து, எண்ணெய் தேய்த்ததுபோல் கறுத்து மினுங்கியது.

இறக்க முடியாத சுமை

சுமைதாங்கியை, இந்தப் பக்கத்துப் பேச்சில் சுமடுதாங்கியை, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

கனத்த தலைச்சுமையை ஒற்றை ஆளாகத் தரையில் இறக்குவது கடினம். இறக்கினாலும், யாராவது வந்து கை கொடுக்காமல் மறுபடி தலையில் ஏற்ற முடியாது. அதனால்தான் தோள் உயரத்தில் ஒரு கல். முதுகைக் காட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால், சுமை தானாக வழுக்கி அதன்மேல் உட்காரும். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி அதே மாதிரி தலையைக் கொடுத்தால், ஏறிக்கொள்ளும். யாருடைய தயவும் வேண்டாம்.

இது கல்லின் உபயோகம். கல் அங்கே வந்த காரணம் வேறு.

வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவளுடைய வீட்டார் வழியோரத்தில் இப்படி ஒரு கல் நாட்டுவார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். அந்த வழியே வருகிறவர் எவரோ தன் சுமையை அந்தக் கல்லில் இறக்கி மூச்சுவிடும் ஒவ்வொரு தடவையும், எங்கோ அவளுக்கும் கொஞ்சம் இறங்கும். அப்படி ஒரு நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருத்தியின் பாரத்தை, வியர்த்து வழிந்து நடந்துவரும் முன்பின் தெரியாத ஒருவன், தெரியாமலேயே குறைத்துவிட்டுப் போகிறான்.

இதைப்போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று எழுத வந்தேன். பொய். தினமும் பார்க்கிறேன். கழக்கூட்டம் போகும் நெரிசலான காலைப் பேருந்தில், நிற்கிறவரின் பையை உட்கார்ந்திருக்கும் பெண் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். சில நாள் ஒரே மடியில் மூன்று மடிக்கணினிப் பைகள், ஒரு சாப்பாட்டுப் பை, யாருடையது என்றே தெரியாத ஒரு குடை. இறங்கும்போது பை கைமாறும். நன்றி சொல்வதுகூடக் கிடையாது. முகம் பார்ப்பதுகூட இல்லை. சுமைதாங்கிக்கு யார் நன்றி சொன்னார்கள்?

அந்த ஒரு வரி

அந்தக் கல்லை நான் பிறகு பலமுறை பார்த்தேன். சில சமயம் இறங்கி, எதிரிலிருந்த தேநீர்க்கடையில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்தபடி பார்ப்பேன். குறுக்குக் கல்லின் முகப்பில் மழுங்கிய தமிழ் எழுத்துகள். விரலால் தடவிப் படிக்க வேண்டும். 'ஞானப்பூ.' பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை.

அங்கே ஒரு பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த கழுத்து. காலையில் சுமையோடு வருவார். ஒருநாள் புல்கட்டு, ஒருநாள் தேங்காய், ஒருநாள் மரச்சீனி. முதுகைக் காட்டி நின்று இறக்குவார். உதடு கொஞ்சம் அசையும். ஒரு நிமிடம் நிற்பார். மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நான்கைந்து தடவையாவது பார்த்திருப்பேன். என்ன முணுமுணுக்கிறார் என்று தூரத்திலிருந்தே எனக்குள் ஆயிரம் வரிகள் ஓடின. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் கல்லின் காலில் சிவப்பு வண்ணத்தில் ஒரு குறி. சாலையை அகலப்படுத்த அளந்திருக்கிறார்கள் என்றார் தேநீர்க்கடைக்காரர்.

அன்றிரவே பஞ்சாயத்துக்குக் கடிதம் எழுதினேன். மலையாளத்தில், நான்கு பக்கம். அதன் நடுவே ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'காலத்தால் கைவிடப்பட்டு, யாரும் உபயோகிக்காமல், பெயர்கூட மறந்துபோய் நிற்கும் இந்த ஊமைக்கல்...'

கைவிடப்படவில்லை என்று எனக்குத் தெரியும். உபயோகிக்கிறவரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயரை விரலால் தடவிப் படித்திருக்கிறேன். ஆனாலும் எழுதினேன். வாய்விட்டுப் படித்தபோது அந்த வரி ஓர் அலைபோல எழுந்து விழுந்தது. பிரித்து எடுக்க மனம் வரவில்லை.

கடிதம் வேலை செய்தது. அதிசயம்தான். சாலையைக் கொஞ்சம் வளைத்தார்கள். கல் தப்பியது. யாரும் உபயோகிக்காத, கேட்பாரற்ற கல் என்றால் பாதுகாக்கத்தானே வேண்டும்? சுற்றி நான்கு பக்கமும் நெஞ்சளவு இரும்புக் கம்பி வைத்து, வெள்ளிப் பூச்சு பூசி, ஒரு பக்கம் கதவு போட்டுப் பூட்டினார்கள். உள்ளே பத்துமணிச் செடிகள் நட்டார்கள். 'தொடக்கூடாது' என்று தற்காலிகமாக ஒரு தகரம். நிரந்தரப் பலகைக்கு நான்கு நல்ல வரி எழுதித் தர முடியுமா என்று என்னையே கேட்டார்கள். நான் எட்டு எழுதினேன்.

கழுத்து ஒன்றுதான்

அலுவலகத்தில் பிரசிடண்ட் கோப்பைப் புரட்டி, அந்த வரியைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தார். அவர் குரலில் அதற்கு அலையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆரும் உபயோகிக்காததா?" என்றார் சாக்குப் பெண். ரத்தினபாய் என்று பெயரை அதற்குள் சொல்லியிருந்தார். தலையைத் திருப்ப முடியாததால் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். "நீரு என்னெ அங்க பார்த்ததே இல்லியா?"

"பார்த்திருக்கேன் அக்கா."

"எத்தனை தடவை?"

"நாலஞ்சு."

"பின்ன?"

"அப்படி எழுதினா... கேட்க நல்லா இருந்துச்சு."

"கேட்க நல்லா இருந்துச்சாம்!" அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தலைக்கு அந்த ஒரு திசைதான் இருந்தது. கிளார்க் சிரிப்பை அடக்கக் கோப்பு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சேச்சி, மொதல்ல அந்தச் சாக்கை ஒண்ணு இறக்கு" என்றார் பிரசிடண்ட். "எனக்கு இதைப் பார்த்திட்டு நிக்க முடியல்ல. முப்பது வருஷம் ஆசுபத்திரியில நர்ஸா இருந்தவளாக்கும் நான்."

"கல்லுலதான் இறக்குவேன். மூணு நாளாட்டு இறக்காமப் போறேன். மூணு நாளும் அம்மைக்க கிட்டப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்ணுட்டுத் திரும்பியாச்சு. இனி முடியாது."

"அம்மையா? ஞானப்பூங்கிறது உன் அம்மையா?"

"பின்ன ஆரு?"

பிரசிடண்ட் கோப்பை மூடினார். பிறகு, தாழ்ந்த குரலில், அந்த அறையில் வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"ஒம்பது. நாள் கழிஞ்சாச்சு. ஆத்துல வெள்ளம். வண்டி வரல்ல. எனக்கு அப்ப மூணு வயசு."

பிரசிடண்ட் கிளார்க்கைப் பார்த்தார்.

"கம்பியை எடுக்கணும்னா எழுத்தா ஒண்ணு வேணும்" என்றார் கிளார்க், மெதுவாக. "ஆரும் உபயோகிக்கிறதில்லன்னு ஃபைல்ல இருக்கு. அது தப்புன்னு எழுதினவரே எழுதித் தந்தா..."

"எழுதும்" என்றார் ரத்தினபாய் என்னிடம்.

கிளார்க் தாளும் பேனாவும் தந்தார். மேசையில் குனிந்தேன். என் கை தன் வழக்கப்படி ஓடத் தொடங்கியது. 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, காலத்தின் நீண்ட நிழலில்...'

"எவ்வளவு ஆச்சு?"

"இப்பத்தான் தொடங்கியிருக்கேன் அக்கா."

"எனக்குக் கழுத்து ஒண்ணுதான் உண்டு. கேட்டீரா?"

நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்புகள் கயிறுபோல் எழுந்து நின்றன. அவற்றில் ஒன்று துடித்தது. நான் யோசிக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அது ஒருமுறை துடித்தது.

நிழலை அடித்தேன். பிறகு காலத்தை அடித்தேன். பெருமதிப்பையும் அடித்தேன். இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். ஒரு சொல்லுக்கு எடை உண்டு என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த எடை யார் தலையில் ஏறுகிறது என்று அதுவரை பார்த்ததில்லை.

எழுதியது இவ்வளவுதான்: 'நான் முன்பு எழுதியது தவறு. இந்தக் கல்லை ரத்தினபாய் தினமும் உபயோகிக்கிறார். சாலைப் பக்கக் கம்பியை எடுத்துவிட வேண்டும்.'

வாசித்துக் காட்டினேன்.

"அம்மைக்க பேரு?"

'இது ஞானப்பூவின் கல்' என்று சேர்த்தேன்.

"இனி ஒண்ணும் எழுதண்டாம்" என்றார்.

பிரசிடண்ட் அதன் ஓரத்திலேயே கையெழுத்துப் போட்டார். கம்பி அடித்த ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, வருகிற சனிக்கிழமைக்குள் சாலைப் பக்கத்தை அறுத்து எடுக்கச் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "வா சேச்சி, இன்னைக்கு நான் திறந்து தரேன்" என்று முன்னால் நடந்தார்.

பொக்கம்

அலுவலகத்திலிருந்து கல் அதிக தூரமில்லை. முன்னால் சாவியோடு பிரசிடண்ட், நடுவில் சாக்கோடு ரத்தினபாய், பின்னால் பிளாஸ்டிக் உறையோடு நான். பத்துமணிச் செடிகள் பூத்திருந்தன. கதவு திறந்தது. ரத்தினபாய் திரும்பி, முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கினார். மெத்தென்று ஒரு சத்தம். கல்லில் சாக்கு உட்கார்ந்தது.

"அம்மே, இறக்கியாச்சு" என்றார்.

இத்தனை நாள் உதட்டசைவாகவே பார்த்தது இந்த இரண்டு வார்த்தைதான்! என் பிழைப்பில்கூட இது பெட்டிக்குள் அடங்கியிருக்கும்.

பிரசிடண்ட் அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நர்ஸ் பார்ப்பதுபோல. "வீட்டுல போய் சுடுதண்ணியில ஒத்தடம் கொடு" என்று சொல்லிவிட்டு, சாவியை மூடாத பூட்டிலேயே தொங்கவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் நின்றோம். ரத்தினபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குறுக்குக் கல்லின்மேல் உள்ளங்கையைப் பரப்பினார்.

"எனக்கு அம்மைக்க மொகம் ஓர்ம இல்ல சாரே. போட்டோ ஒண்ணும் கிடையாது. பொக்கம் மட்டும் தெரியும்." உயரத்தை இந்தப் பக்கத்தில் பொக்கம் என்பார்கள். "அப்பன் அம்மைக்க தோளுப் பொக்கத்துக்காக்கும் கல்லு வெட்டச் சொன்னாரு. நூலு பிடிச்சு அளந்து வச்சிருந்தாராம், பாதம் வரைக்கும் நீளச் சட்டை தைக்க. நான் வளரவளர இஞ்ச வந்து நிண்ணு பார்ப்பேன். பதினாறு வயசுல எனக்க தோளும் அம்மைக்க தோளும் ஒப்பம். அண்ணைக்கு ரொம்ப அழுதேன், எதுக்குன்னு அறியாது."

அவர் கல்லையொட்டி நின்றார். தோளும் கல்லும் ஒரே மட்டம்.

"சபையில போதகர் வழக்கு பேசுவாரு. மரிச்சவ கர்த்தர்கிட்டப் போயாச்சு, கல்லுல என்ன இருக்குன்னு. செரிதான். நானும் பைபிள் வாசிக்கிறவதான். ஆனா கல்லு இஞ்ச நிக்குதே? நிக்கிறவளைக் கண்டும் காணாத மாதிரிப் போவ முடியுமா?" கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "பிறகு, ஒரு காரியம் உண்டு. முன்னால சந்தைக்குப் போறவ, மீன்காரி, விறகுக்காரி எல்லாரும் இறக்குவா. ஒரு நாளைக்கு இருபது முப்பது பேரு. இப்ப எல்லாத்துக்கும் ஆட்டோ. நான் ஒருத்திதான். ஒரு நாளைக்கு ஒரு சுமடு. அது அம்மைக்கு ஆச்சு. மற்றது?"

"மற்றதுன்னா?"

"அம்மை ஒத்தைக்கா போனா? உள்ள ஒண்ணு இருந்துச்சுல்லா. எனக்க தம்பியோ, தங்கச்சியோ. பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்கு ஆரு இறக்கி வைப்பா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அழகாக ஏதோ வந்தது. விழுங்கிவிட்டேன்.

ரத்தினபாய் சாக்குக்குத் தலையைக் கொடுத்து நிமிர்ந்தார். பத்தடி போனவர் நின்று, உடம்போடு திரும்பினார்.

"கல்லு இண்ணைக்கு நிக்கியதுக்குக் காரணமும் நீருதான். அதையும் மறக்கல்ல. சனியாழ்ச்சை கம்பி அறுப்பாவ. நீரும் வாரும். அந்தக் கவரைக் கொண்டு வரண்டாம்."

பாதிச் சாக்கு

அந்த வாரம் கழக்கூட்டத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று நினைவில்லை. பேருந்தில் தூங்கும்போதெல்லாம் அந்தக் கல் சாலையில் நடந்து வந்தது. இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து, அவசரமில்லாமல். ஜன்னலுக்கு நேரே வந்ததும் நிற்கும். அதன் தோள்மேல் ஒன்றும் இருக்காது. நான் விழித்துக்கொள்வேன். என் பை யாரோ ஒரு பெண்ணின் மடியில் இருக்கும்.

பலகைக்கான எட்டு வரிகளை வெள்ளிக்கிழமை மாலை மூன்றாகக் குறைத்து அனுப்பினேன். 'ஞானப்பூவின் கல். வயிற்றில் பிள்ளையோடு மரித்தவர். சுமை இறக்கலாம்.' மலையாளத்திலும் அதே மூன்று. கிளார்க் தொலைபேசியில் கேட்டார், "மீதி உண்டா சாரே?" இல்லை என்றேன்.

சனிக்கிழமை போனபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வெல்டர் ஒருவர் வேலையை முடித்துக் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாலைப் பக்கம் திறந்து கிடந்தது. அறுபட்ட கம்பியின் சூட்டு மணம் காற்றில் இருந்தது. "இறக்குறதுக்கு வழி போதுமா அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். நானா இறக்குகிறவன்?

ரத்தினபாய் வயலில் நின்று கையசைத்தார். வரப்பு வழியே போனேன். இரண்டு சாக்குகள் இருந்தன. ஒன்று நிறைய, ஒன்று பாதி.

"குனியும்" என்றார்.

"அக்கா, எனக்கு இதெல்லாம்..."

"நாலு பக்கம் எழுதின தலைதானே? நாலு கிழங்கு சுமக்காதா? குனியும் மக்கா."

பழைய துண்டு ஒன்றைப் புரிபோல் முறுக்கி, வட்டமாகச் சுற்றி, என் தலையில் வைத்தார். சும்மாடு. அதன்மேல் பாதிச் சாக்கு. தன்னுடையதை ஒரு தென்னையில் சாய்த்து, ஒரே வீச்சில் ஏற்றிக்கொண்டார்.

நடந்தோம்.

தலையில் சுமை ஏறினால் உலகம் ஒரு பட்டை அளவுக்குக் குறுகிவிடுகிறது. மேலே பார்க்க முடியாது, வானம் போயிற்று. கீழே பார்க்க முடியாது, கால்கள் போயின. முன்னால் உள்ளது மட்டும் இருக்கிறது. முன்னால் ரத்தினபாயின் குதிகால்கள் இருந்தன. வெடித்த, மண் அப்பிய, ஒரு நாளும் தடுமாறாத குதிகால்கள். பின்தொடர்ந்தேன். எங்கோ ஒரு மரங்கொத்தி கொத்தியது. இல்லை, அது என் கழுத்துக்குள். மண் வாசனை நெற்றியில் இறங்கியது. உப்பா ஈரமா என்று தெரியாத ஒரு துளி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையாலும் சாக்கைக் கட்டிப் பிடித்திருந்தேன். பேசவோ தலையாட்டவோ முடியவில்லை. ஒரு வார்த்தைகூட எனக்குள் ஓடவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் எந்தப் பேருந்திலும் அடைந்ததில்லை.

ரத்தினபாய் முதலில் இறக்கினார். மெத்தென்ற அந்தச் சத்தம்.

"அம்மே, இறக்கியாச்சு."

பிறகு தன் சாக்கைக் கல்லின் ஓரத்துக்குத் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டார். எனக்குக் கை கொடுக்க வரவில்லை. "ஒத்தைக்கு இறக்கும். அதுக்காக்கும் கல்லு."

திரும்பினேன். முதுகில் கல்லின் விளிம்பு தட்டியது. வெயிலில் காய்ந்து, உடம்புச் சூட்டில் இருந்தது. ஒரு பெண்ணின் தோள் உயரம். முழங்காலை மடக்கினேன். கிழங்குகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்து, நகர்ந்து, ஒரு கணம் எல்லாமாக என்னைவிட்டுப் போயின.

கால்கள் தரையில்தான் இருந்தனவா என்று எனக்கு இப்போதும் சந்தேகம். கழுத்து ஓர் அடி வளர்ந்ததுபோல இருந்தது. வானம் திரும்பி வந்தது.

ரத்தினபாய் என்னைப் பார்க்கவில்லை. என் பாதிச் சாக்கின்மேல் ஒரு கையை வைத்தார். தொட்டிலில் கை வைப்பதுபோல, எழுப்பிவிடாமல்.

"இது அதுக்கு" என்றார்.